ஐம்பத்தேழு வயதுக்கு ஓர் ஆதாரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் யார் பேரும் வராது. அம்மா பேர், என் பேர், தோட்டத்தின் பேர், எதுவும் கிடையாது. ஒரு காலத்தில் பேர், வயசு, டிவிஷன் நம்பர் என்று சகலத்தையும் போட்டோவோடு ஊருக்கே பரப்பி வைத்தவள்தான் நான். அதில் பட்டது போதும்.

அப்போது நான் காலேஜில் இரண்டாம் வருஷம். மூணாறுக்குப் பக்கத்தில், பள்ளிவாசல் என்கிற ஊரில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக நிற்கும் எட்டு வீடுகளில் ஐந்தாவது வீட்டில், நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா நான் ஒன்பதாவது படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா கொழுந்து பறிக்கப் போனாள். நான் காலேஜுக்குப் போனேன், வந்து பிளாக் எழுதினேன். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. பைப்படிக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறி உட்கார்ந்தால்தான் இரண்டு கோடு வரும். அந்தப் பாறையில் அட்டைக் கடி வாங்கிக்கொண்டு எழுதியதுதான் மொத்த பிளாக்கும்.

என்னத்தை எழுதினாய் என்று கேட்டால் இப்போது சிரிப்புதான் வருகிறது. கற்றாழையை முகத்தில் எவ்வளவு நேரம் வைக்கலாம். மூணாறு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் முடி என்ன கதியாகும். ஓணத்துக்குக் காலேஜே கசவுப் புடவை கட்டிக்கொண்டு நிற்கும்போது எங்கள் லயத்துப் பெண்கள் மட்டும் ஏன் அதற்குப் பளீரென்று ஒரு பச்சை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். இப்படி. அழகு, வாழ்க்கை, பண்பாடு என்று மேலே பெரிய எழுத்தில் போட்டு, அதற்குக் கீழே ‘இங்கே பொய்க்கு இடமில்லை’ என்றும் ஒரு வரி போட்டிருந்தேன். யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை.

அழகுச் சாமான் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்ததே எங்கள் வீட்டுக் கன்னியால்தான். திருநெல்வேலியிலிருந்து மலைக்கு வந்த எங்கள் வழியில் கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண் அந்த வீட்டுக்குச் சாமி. அவளைக் கன்னி என்போம். அவளுக்கென்று ஓர் ஓலைப்பெட்டி உத்திரத்தில் தொங்கும். உள்ளே தாவணி, கண்ணாடி வளையல், ரிப்பன், சீப்பு, கையகலக் கண்ணாடி, பவுடர், மை, பொட்டு. ஒவ்வொரு தை மாதமும் இரண்டாம் வெள்ளிக்கிழமை பெட்டியை இறக்கி, புதுசை வைத்து, பொங்கல் வைத்துப் படைப்போம். பழைய சாமானெல்லாம் அந்த வீட்டுப் பெண்பிள்ளைக்கு. அதாவது எனக்கு. என் முதல் நெயில் பாலிஷ், முதல் மை டப்பா, முதல் தாவணி எல்லாமே ஒரு வருஷம் கன்னி வைத்திருந்து கொடுத்தவை.

படைக்கும்போது அம்மா கன்னியைப் பேர் சொல்லி மூன்று தடவை கூப்பிடுவாள். வீட்டுப் பெண்பிள்ளை அவளுக்குப் பதிலாக ‘இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். பேச்சு வந்த நாளிலிருந்து நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கன்னி யார் என்று சின்னதில் ஒரு தடவை கேட்டதற்கு, “நம்ம ஊட்டுப் பொண்ணுதாண்டி” என்றாள் அம்மா. நானும் மலையையே பார்த்திராத ஏதோ பழைய காலத்துத் திருநெல்வேலிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அந்த வருஷம் கன்னிக்கு லிப்ஸ்டிக்கே வாங்கி வைத்திருந்தேன். அவளுக்கு மெரூன் எடுக்குமா, ரோஸ் எடுக்குமா என்று மூணாறு கடையில் அரை மணி நேரம் நின்றது ஞாபகம் இருக்கிறது.

படையலுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் அந்தப் பதிவைப் போட்டேன். ‘ஐம்பத்தேழு வயதில் ஒரு சுருக்கம்கூட இல்லை: என் அம்மாவின் முகம்’ என்று தலைப்பு. தலையில் துண்டு, இடுப்பில் படங்கு என்கிற தடித்த சாக்குத் துணி, முதுகில் பையோடு தேயிலைக்கு நடுவே அம்மா சிரித்துக்கொண்டு நின்ற போட்டோ. “என் மூஞ்சிய எதுக்குட்டி புடிக்க?” என்று திட்டிக்கொண்டேதான் நின்றாள். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போகிறவள், பியூட்டி பார்லர் வாசலை மிதித்ததில்லை, தேங்காய் எண்ணெயும் மலைப் பனியும்தான் ரகசியம் என்று நான் பாட்டுக்கு அளந்து விட்டிருந்தேன்.

என் பிளாக்கை அதுவரை என் வகுப்புப் பெண்கள்தான் படிப்பார்கள். இந்தப் பதிவை எவர் எவரோ படித்தார்கள். படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஐம்பத்தேழாம், சும்மா கதை விடாதே என்றார்கள். நாற்பத்தைந்துகூட இருக்காது என்றார்கள். ஒரு பெண், ‘இது உன் அம்மாவே இல்லை, உன் அக்கா’ என்று எழுதினாள். பொய்க்கு இடமில்லை என்று தலையில் எழுதி வைத்திருக்கிறவளைப் பொய்க்காரி என்றால் எப்படி இருக்கும்? எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், அது என் பிறவிக் குணம். அம்மா குளிக்கப் போயிருந்த நேரம் ஆணியில் மாட்டியிருந்த அவள் பையிலிருந்து கம்பெனி அடையாள அட்டையை எடுத்தேன். பேர், பிறந்த தேதி, வேலைக்குச் சேர்ந்த வருஷம், டிவிஷன் எல்லாம் தெரிகிற மாதிரி போட்டோ பிடித்தேன். ‘இப்போ என்ன சொல்றீங்க?’ என்று போட்டுவிட்டு, அட்டையைப் பழையபடி பையில் வைத்தேன். மனசுக்குள் அவ்வளவு திருப்தி.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் காலேஜ் விட்டு வரும் பஸ்ஸில் புதுக் கமென்ட் ஒன்று வந்தது. எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. இப்படி இருந்தது:

‘ஏ சின்னவளே, நீயா? நான் குமுளிக்குக் கீழ கம்பத்துல இருக்கேன். எட்டாங்கிளாஸ் வரைக்கும் ஒரே பெஞ்சுல உக்காந்தமே. எனக்கு நாப்பத்தொம்பதுதான் ஆகுது, உனக்கு மட்டும் எப்படி அம்பத்தேழு ஆச்சு? அந்தக் கார்டுல இருக்கறது உங்க அக்கா பேராச்சே. பாவம், மஞ்சக்காமாலையில போயிட்டாளே, அந்தச் சேதி வந்த வாரந்தான நாங்க தோட்டத்த விட்டு இங்க வந்தோம்.’

‘ஆள் மாறிப் பேசுறீங்க. எங்க அம்மாவுக்கு அக்காவே கிடையாது’ என்று உடனே சூடாகப் பதில் தட்டினேன். அனுப்பிய பிறகுதான் அந்த வார்த்தை உறைத்தது. சின்னவ. லயத்தில் அம்மாவை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பக்கத்து வீட்டு அக்கா, தண்ணி திறந்துவிடுகிற தாத்தா, எல்லோருமே. அம்பத்தேழு வயசுப் பொம்பளையை ஏன் சின்னவ என்கிறார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. கூடப் பிறந்த பெரியவள் ஒருத்தி இல்லாமல் இவள் எப்படிச் சின்னவள் ஆனாள் என்றும் யோசித்ததில்லை. சித்திரபுரம் திருப்பத்தில் பஸ் வளைந்தபோது கம்பியைப் பிடிக்கக்கூடக் கை வரவில்லை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இறங்கி நடந்து வந்தேன்.

அம்மா அப்போதுதான் வேலை விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே கமென்டைப் படித்துக் காட்டினேன். அவளுடையது பட்டன் போன், பிளாக் எல்லாம் பார்க்க மாட்டாள். படித்து முடிக்கும் வரை செம்பைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

“கார்டையுமா போட்ட?” என்றாள்.

அது ஒன்றுதான் கேட்டாள். எந்த அக்கா, இது யாரு எழுதினது, எதுவும் இல்லை. அம்மா முகத்தில் ரத்தம் வடிந்துபோனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாறைக்கு ஓடிப்போய்ப் பதிவை அழித்துவிட்டு வந்தேன். அதற்குள் யாரோ அதை அப்படியே படம் பிடித்துத் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.

அம்மா கதவைச் சாத்திவிட்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். அழவில்லை. கடைக்குப் போய்வந்த கதையைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

“எங்க அக்காவுக்கு இருவத்திரெண்டு வயசு. எனக்குப் பதினாலு. அப்பன் கெடையாது, ஆத்தாளுக்குக் கண்ணு போச்சு. இந்த ஊட்டுல அவ ஒருத்திக்குத்தான் தோட்டத்துல பேரு இருந்திச்சு. மஞ்சக்காமாலைன்னு லீவு எழுதிக் குடுத்துட்டு, நாட்டு மருந்துக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்கனயே போயிட்டா. அங்கனயே எரிச்சாச்சு. தோட்டத்துல பேர அடிச்சிட்டா வீட்டக் காலி பண்ணணும். நாங்க எங்க போவோம்? கங்காணி சொன்னாரு, லீவுக்குப் போனவ திரும்பி வந்துட்டான்னு இருக்கட்டும், சின்னவளுக்குத் துண்டக் கட்டி மஸ்டருல நிப்பாட்டுன்னு. நான் நெட்டையா இருப்பேன். காலையில மஸ்டருல வரிசையா பேரு கூப்புட்டாங்க. அவ பேரும் வந்திச்சு. இருக்கேன்யான்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான்.”

“பள்ளிக்கூடத்துல?”

“சின்னவ செத்துட்டான்னு சொல்லியாச்சு. ரெண்டு பொண்ணு போயி ஒருத்திதான வந்தோம். யாராச்சும் ஒருத்தி செத்துத்தான ஆவணும்.”

ரேஷன் கார்டு, ஓட்டுக் கார்டு, ஆதார், என் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் தாய் பெயர் என்கிற இடம் எல்லாவற்றிலும் இருப்பது செத்துப்போன ஒருத்தியின் பேர். அம்மா பேருக்கு இந்த உலகத்தில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. இதை வைத்து மேலே யாராவது நோண்டினால் அவள் முப்பத்தைந்து வருஷம் பறித்த கொழுந்தும் போச்சு, ரிட்டயர் ஆகும்போது வர வேண்டியதும் போச்சு, இந்த வீடும் போச்சு. இத்தனையையும் கற்றாழைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் நடுவில் நான் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

“அப்போ உன் பேரு என்னம்மா?” என்று கேட்டேன்.

அம்மா வெங்காயத்தை வாணலியில் போட்டாள். “வெள்ளிக்கெழம கூப்புடுவேன்ல. அந்தப் பேருதான்.”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷமாகக் கன்னியின் பேர் என்று நான் கும்பிட்டுக்கொண்டிருந்தது என் அம்மாவின் பேர்.

“அவ பேர நான் எடுத்துக்கிட்டேன்,” என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமல். “சாமியா நிக்கிறவ பேரில்லாம நிக்கக்கூடாதுல்ல. என் பேர அவளுக்குக் குடுத்துட்டேன். எனக்கு அது எதுக்கு?”

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் தோசை சுட்டுக்கொண்டிருந்தார். “ஏட்டி, இது ஒனக்குத் தெரியாதா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். எட்டு வீட்டுக்கும் தெரிந்திருக்கிறது. மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒரு சண்டையில்கூட, பைப்படியில் குடத்துக்காக நாறடித்துக்கொள்ளும்போதுகூட, ஒருத்தர் வாயிலும் அது வந்ததில்லை. ஊரே பொத்தி வைத்ததை அந்த வீட்டுப் பிள்ளை போட்டுடைத்திருக்கிறாள். எனக்கு அங்கே நிற்கவே கூசியது. கம்பத்துப் பெண்மணிக்கு மட்டும் மெயிலில் விஷயத்தைச் சொல்லாமல் சொல்லி எழுதினேன். ‘ஐயோ தாயி, பாத்த சந்தோஷத்துல எழுதிட்டேன், எங்கயும் மூச்சு விட மாட்டேன்’ என்று அவரிடமிருந்து பதில் வந்தது.

அந்த வியாழக்கிழமை அம்மாவையும் என்னையும் தோட்டத்து ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். ஃபீல்டு ஆபீசர் மலையாளி, புதுசாக வந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். மேஜைமேல் போனை வைத்து எங்கள் பக்கம் திருப்பினார். அட்டையின் படமும் அந்தக் கமென்டும் அதில் இருந்தன. அம்மா படங்கை அவிழ்க்காமல், தலைத்துண்டோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“சேச்சி, பேரு?” என்றார்.

அம்மா அக்காவின் பேரைச் சொன்னாள். கேட்காமலே செக்ரோல் என்கிற சம்பளப் பேரேட்டில் இருக்கிற நம்பரையும் சொன்னாள். குரல் பிசகவே இல்லை.

அவர் கொஞ்ச நேரம் அம்மா முகத்தையே பார்த்தார். எந்த முகத்தைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதினேனோ அந்த முகத்தை. வெளியே ஓடிவிடலாமா என்று எனக்கு இருந்தது. பிறகு அவர் என் பக்கம் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். “மேலேருந்து விளிச்சு சோதிச்சா எனிக்கு ஒரு பேப்பர் வேணும். மாப்பு எழுதித் தா மோளே. கார்டு இட்டது தெற்று. ஆ கமென்டு கள்ளம். அம்மைக்கு வயசு அம்பத்தேழு. அத்ர மதி.” மேலிடம் கேட்டால் காட்ட ஒரு மன்னிப்புக் கடிதம்: கார்டு போட்டது தப்பு, அந்தக் கமென்ட் பொய், அவ்வளவு போதுமாம்.

உண்மை என்ன என்று அவர் கேட்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி. கேட்டால் தெரிந்துவிடும் என்று கேட்காமல் விட்டாரோ என்னவோ.

எழுதினேன். பொய்க்கு இடமில்லை என்று போட்டுக்கொண்டவள், என் தாயாரின் பெயர் இன்னது, வயது ஐம்பத்தேழு, அவருக்கு உடன்பிறந்தோர் எவரும் இல்லை, வலைப்பதிவில் வந்த கருத்து முற்றிலும் பொய் என்று அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள், அவளுக்கு நன்றாகவே வாசிக்கத் தெரியும். ‘உடன்பிறந்தோர் எவரும் இல்லை’ என்ற இடம் வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தத் தாள் எந்தக் கோப்பில் போனதோ, அதற்குப் பிறகு பேச்சில்லை. அடுத்த வருஷம் அம்மா ஐம்பத்தெட்டு முடிந்து ரிட்டயர் ஆனாள், ஐம்பதாவது வயதில். வர வேண்டியது வந்தது, வீட்டைக் கொடுத்துவிட்டோம். இப்போது சித்திரபுரத்தில் வாடகைக்கு இருக்கிறோம். அம்மா ஒரு ஹோம்ஸ்டேயில் சமைக்கிறாள். அங்கே வருகிறவர்களும் வயசே தெரியவில்லை என்கிறார்களாம். “நீ எதுவும் எழுதித் தொலைக்காத” என்று வந்து சொல்வாள். நான் பிளாக்கை அன்றைக்கே மூடிவிட்டேன்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்ல வேண்டும். ஆபீசில் எழுதிக் கொடுத்த மறுநாள்.

அம்மா விடியும் முன்பே எழுந்து வீடு மெழுகி, பெட்டியை உத்திரத்திலிருந்து இறக்கினாள். புதுத் தாவணி, வளையல், பவுடர் எல்லாம் எடுத்து வைத்தோம். நான் மெரூன் லிப்ஸ்டிக்கை எடுத்துக் கொடுத்தேன். இருபத்திரண்டு வயசுக்காரிக்குத்தான் என்று தெரியாமலே சரியாக வாங்கியிருந்தேன். அம்மா மூடியைத் திறந்து பார்த்து, “அவளுக்கு நல்லாருக்கும்” என்றாள். அவள் அக்காவைப் பற்றி என்னிடம் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

பொங்கல் பொங்கியது. வாழையிலையில் எடுத்து வைத்து, சூடம் ஏற்றி, அம்மா கண்ணை மூடிக் கன்னியைக் கூப்பிட்டாள். எப்போதும் கூப்பிடுகிற அதே பேர்.

நான் ‘இருக்கேன்’ சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன், வரவில்லை. அந்தப் பேருக்குரியவள் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள், நான் எப்படிச் சொல்வது?

இரண்டாம் தடவை கூப்பிட்டாள். நான் சூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் தடவையும் கூப்பிட்டுவிட்டு அம்மா கொஞ்ச நேரம் பொறுத்தாள். சூடம் அணையப் போனது. அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்து, மஸ்டரில் சொல்கிற மாதிரி சத்தமாக இல்லாமல், அவளே சொன்னாள்.

“இருக்கேன்.”